பெரும்பணத்தைப் பற்றிய படங்களில் எவ்வளவு உண்மை?

வங்கியாளர்களையும் நிதி உலகத்தையும் பற்றிய படங்களில் நல்லவை எவை, அவற்றில் வருவது உண்மையில் நடப்பதா, வங்கித் தேர்வுக்குப் படிக்கும் ஒருவருக்கு அவை பயன்படுமா என்று புதுச்சேரியிலிருந்து ஒரு மாணவர் கேட்டிருக்கிறார். பட்டியல் மட்டும் வேண்டுமென்றால் எங்கும் கிடைக்கும். கோட்டு சூட்டு போட்டவர்கள் கண்ணாடி அறைகளில் நின்று கோடிகளைக் கைமாற்றுவதாகத் திரையில் வருவதற்கும், நாளை தாம் போய் உட்காரப்போகும் கவுன்ட்டருக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா என்பதையே அவர் அறிய விரும்புகிறார் என்று எனக்குப் படுகிறது. சம்பந்தம் உண்டு. ஆனால், பெரும்பாலான படங்கள் அழுத்திக் காட்டுகிற இடத்தில் அது இல்லை.

நான் எழுதுவதை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பொதுத்துறை வங்கியில், கடலூர் மாவட்டத்துக் கிளைகளில் கடன் பிரிவிலும், ஓய்வுபெறும் முன் ஆய்வுப் பிரிவிலும் வேலை பார்த்தவன் நான். கடன், அடமானம், தணிக்கை பற்றிச் சொல்வதெல்லாம் கையால் செய்து பார்த்தது. பங்கும் பத்திரமும் வாங்கி விற்கும், பெரிய முதலீட்டு வங்கிகளின் டீலிங் அறையில் நான் உட்கார்ந்ததில்லை. டெரிவேட்டிவ், அதாவது வேறொரு சொத்தின் விலையைப் பொறுத்து மதிப்பு மாறும் ஒப்பந்தம், பற்றி அறிந்ததெல்லாம் படிப்பிலும் பயிற்சி வகுப்பிலும் வந்த அறிவுதான்.

பண்ருட்டிப் பக்கம் முந்திரி வியாபாரிகளுக்குச் சரக்கின் பேரில் கடன் வரம்பு கொடுப்பது எங்கள் கிளைகளின் அன்றாட வேலை. மாதாமாதம் அவர் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுப்பார். அதில் எழுதியிருக்கும் சரக்கின் மதிப்பை வைத்து அவர் எவ்வளவு பணம் எடுக்கலாம் என்று நாங்கள் கணக்குப் போடுவோம். அவ்வப்போது ஓர் அதிகாரி கிடங்குக்குப் போய் மூட்டைகளை எண்ணிவிட்டு வர வேண்டும். எண்ணுவது என்றால் வாசலில் நின்று எண்ணுவதில்லை. முன்வரிசை மூட்டைகளில் கொட்டையும், அதற்குப் பின்னால் பருப்பு எடுத்தபின் மிஞ்சிய ஓடும் இருக்கலாம் என்பதால், நடுவிலிருந்து ஒரு மூட்டையை இழுத்துப் பிரித்துப் பார்க்க வேண்டும். கிடங்கு வாசலில் 'இங்குள்ள சரக்கு இன்ன வங்கிக்கு அடமானம்' என்று பலகை மாட்டியிருக்கும். அந்தப் பலகைக்கு மேலே பழக்கப்பட்ட கண் தேடுவது ஆணித் துளைகளை. ஒரு பலகைக்கு இரண்டு ஜோடித் துளைகள் இருந்தால், வேறொரு நாளில் வேறொரு வங்கியின் பலகை அங்கே தொங்குகிறதா என்று விசாரிப்பது நல்லது. காகிதத்தில் எழுதியிருக்கும் சொத்து உண்மையிலேயே இருக்கிறதா, அதை எழுதியவரைத் தவிர வேறு யாராவது போய்ப் பார்த்தார்களா என்ற இரண்டு கேள்விகளுக்குள் இந்தத் தொழிலின் பெரும்பகுதி அடங்கிவிடும். நிதி உலகப் படங்களை நான் நிறுத்துப் பார்ப்பதும் இதே தராசில்தான்.

இந்தத் தராசில் எடை அதிகம் நிற்பது 2015இல் ஆடம் மெக்கே இயக்கிய 'தி பிக் ஷார்ட்'. அமெரிக்காவில் 2008இல் வெடித்த வீட்டுக்கடன் நெருக்கடியை முன்கூட்டியே கண்டுகொண்ட சிலரைப் பற்றிய படம் அது. மைக்கேல் லூயிஸ் எழுதிய, புனைவல்லாத நூலை அடிப்படையாகக் கொண்டது. கடினமான சரக்குகளை விளக்குவதற்காக நடுநடுவே ஒரு நடிகை குளியல்தொட்டியில் இருந்தபடியும், ஒரு சமையல் வல்லுநர் மிஞ்சிய மீனைக் குழம்பாக்கிக் காட்டியும் பாடம் எடுக்கிறார்கள். எல்லோரும் பேசுவது அந்தக் காட்சிகளைத்தான். என் போன்றவர்களை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறொரு காட்சி. காகிதத்தில் எல்லாம் சரியாக இருக்கிறதே என்று நியூயார்க்கிலேயே உட்கார்ந்திராமல், ஒரு குழு ஃபுளோரிடாவுக்குப் போய்த் தெருத்தெருவாக வீட்டுக் கதவைத் தட்டுகிறது. பாதி வீடுகள் காலி. ஒரு வீட்டில் குடியிருப்பவர் வாடகைக்காரர்; கடனோ வீட்டுச் சொந்தக்காரர் வளர்க்கும் நாயின் பெயரில் இருக்கிறது. அவர்கள் செய்தது அப்பட்டமான கிடங்கு ஆய்வு. அந்தக் கடன்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்துப் பத்திரமாக்கி, மதிப்பு குறைந்த துண்டுகளை மறுபடி ஒன்றாகக் கட்டி, அவற்றில் பெரும்பங்குக்கு முதல்தரச் சான்றிதழ் வாங்கி உலகமெல்லாம் விற்ற சங்கிலியில், மூட்டையைப் பிரித்துப் பார்க்கும் வேலை யாருடையது என்பதே கேட்பாரற்றுப் போயிருந்தது. இவ்வளவும் உறுதியானது. ஆனால், நெருக்கடி வரும் என்று அறிந்திருந்தவர்கள் அந்த நாலைந்து பேர் மட்டுமே என்பதுபோலப் படம் தரும் தோற்றத்தை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. கதைக்குச் சில நாயகர்கள் தேவை, அவ்வளவுதான்.

இரண்டாவது, 1999இல் வந்த 'ரோக் டிரேடர்'. சினிமாவாக அது சுமார்தான். ஆனாலும் எந்தப் பயிற்சி வகுப்பிலும் போட்டுக் காட்டலாம். 1762இல் தொடங்கிய பேரிங்ஸ் வங்கியின் சிங்கப்பூர் அலுவலகத்தில் நிக் லீசன் என்ற இளைஞர் ஜப்பானியப் பங்குக் குறியீட்டின் மீது வர்த்தகம் செய்தார்; நட்டங்களை 88888 என்ற எண்ணுள்ள பிழைக் கணக்கில் ஒளித்து வைத்தார். பேரங்களைப் பேசியவரும் அவரே, அவற்றைப் பதிந்து சரிபார்க்கும் பிரிவுக்குப் பொறுப்பாளரும் அவரே. 1995 ஜனவரி 17 அன்று கோபே நகரில் ஏற்பட்ட பூகம்பத்தால் வங்கி விழுந்தது என்று பலர் சொல்வார்கள். அது பாதிதான் சரி. 1994 முடிவிலேயே ஒளிந்திருந்த நட்டம் சுமார் 20 கோடி பவுண்டைத் தாண்டிவிட்டது. பூகம்பத்துக்குப் பிந்தைய சில வாரங்களில் அது 80 கோடிக்கு மேல் போயிற்று. 200 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வங்கியை டச்சு நிறுவனமான ஐ.என்.ஜி. ஒரே ஒரு பவுண்டுக்கு வாங்கியது. இதில் ஆய்வாளர்கள் யாரும் மறக்க முடியாத செய்தி ஒன்று உண்டு: ஒரே ஆள் இரண்டு வேலையும் பார்ப்பது ஆபத்து என்று 1994இலேயே அந்த வங்கியின் உள்தணிக்கை எழுதிக் கொடுத்திருந்தது. எழுதியது கோப்பில் இருந்தது. நம் கிளைகளில் ஆய்வுக்குப் போகிறவர் முதலில், எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாத தொகைகளைத் தற்காலிகமாகப் போட்டு வைக்கும் சஸ்பென்ஸ் கணக்கைத் திறந்து, நாள்பட்டும் நேர்செய்யப்படாத பதிவுகளைத் தேடுவதற்கும் காரணம் இதுவே. படம் லீசன் எழுதிய நூலிலிருந்து எடுக்கப்பட்டது என்பதால், அவர் மீது இரக்கம் வரும்படி கதை சாய்ந்திருப்பதையும் சேர்த்துக் கணக்கில் கொள்ளுங்கள்.

நம் நாட்டுக் கதைக்கு வந்தால், ஹன்சல் மேத்தா இயக்கி 2020இல் வந்த 'ஸ்கேம் 1992' தொடரை முதலிடத்தில் வைப்பேன். படமில்லை, பத்து அத்தியாயத் தொடர். அந்த நீளம் இருந்ததால்தான் விஷயத்தை விளக்க முடிந்தது. 1992 ஏப்ரல் 23 அன்று டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் சுசேதா தலால் எழுதிய செய்தியால் வெளியே வந்த ஊழல் அது. இதைப் பங்குச் சந்தை ஊழல் என்றே நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அடிப்படையில் அது அரசுக் கடன்பத்திரங்களை வைத்து வங்கிகளுக்குள் நடந்த ஊழல். பங்குச் சந்தை என்பது அந்தப் பணம் போய்ச் சேர்ந்த இடம். அந்நாளில் ஒரு வங்கி இன்னொரு வங்கிக்குக் கடன்பத்திரத்தை விற்று, குறித்த நாளில் திரும்ப வாங்கிக்கொள்ளும். பத்திரம் கைமாறியதை ரிசர்வ் வங்கியின் கடன் அலுவலகத்தில் பேரேட்டில் பதிய வேண்டும். எல்லாம் கைவேலை, நாளாகும். அதனால் 'பத்திரம் விற்றாயிற்று, உங்களுக்காக எங்களிடம் இருக்கிறது' என்று ஒரு ரசீதை மட்டும் எழுதிக் கொடுக்கும் பழக்கம் வேரூன்றிவிட்டது. வங்கி ரசீது என்று பெயர், எல்லோரும் பி.ஆர். என்பார்கள். நடுவில் நின்ற தரகர், வங்கியின் பெயருக்கு எழுதப்பட்ட காசோலையைத் தம் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளும் சலுகையையும் பெற்றிருந்தார். பத்திரமே இல்லாமல் பி.ஆர். எழுதிக் கொடுக்க பேங்க் ஆஃப் கராட் போன்ற சிறு வங்கிகள் கிடைத்தபோது வட்டம் முழுமையாயிற்று. ரிசர்வ் வங்கி அமைத்த ஜானகிராமன் குழு, 4,000 கோடி ரூபாய்க்கு மேல் இப்படிப் போனதாகக் கணக்கிட்டது. கிடங்கு இருக்கிறதா என்றுகூடப் பாராமல், கிடங்குச் சீட்டை வாங்கிக்கொண்டு பணம் கொடுத்திருக்கிறார்கள்.

இந்தத் தொடரில் அந்தத் தரகரான ஹர்ஷத் மேத்தாவைப் பார்க்கும்போது கைதட்டத் தோன்றும், அப்படித்தான் எடுத்திருக்கிறார்கள். தரகரை மட்டும் வில்லனாக்காமல், கையெழுத்துப் போட்ட வங்கியாளர்களையும், வெளிநாட்டு வங்கிகளின் பங்கையும் காட்டியிருப்பது நியாயம். பிரதமருக்குப் பெட்டியில் ஒரு கோடி கொடுத்ததாக 1993இல் அவர் சொன்னதோ கடைசிவரை நிரூபிக்கப்படாத குற்றச்சாட்டு. அதைத் தொடர் சொன்னது என்பதற்காக வரலாறாக்கிவிடக் கூடாது. இதே காலத்தைப் பின்னணியாகக் கொண்டு 2024இல் வந்த 'லக்கி பாஸ்கர்' தமிழிலும் பேசி ஓடியது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதில் பி.ஆர். விவகாரத்தைப் பாமரருக்கும் விளங்கும்படி சுருக்கியிருக்கிறார்கள். காசாளர் வங்கிப் பணத்தை வெளியே எடுத்துத் தொழிலில் போட்டுவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து வைப்பது நடக்குமா என்று கேட்டால், விதிப்படி நடக்காது. பணப் பெட்டகத்துக்கு இரண்டு சாவிகள், ஒன்று காசாளரிடம், மற்றொன்று அதிகாரியிடம். இருவரும் சேர்ந்துதான் திறக்க முடியும். நடைமுறையில், அவசரம், நம்பிக்கை, கல்யாணம், காய்ச்சல் என்று ஏதோ ஒரு காரணத்துக்காக இரண்டு சாவிகளும் ஒரே கையில் சேர்ந்த நாளில்தான் கிளைகளில் பணம் காணாமல் போயிருக்கிறது. ஆகவே அந்தக் காட்சி முழுக் கற்பனை என்று நான் சொல்லமாட்டேன்.

ஜே.சி. சாண்டர் இயக்கிய 'மார்ஜின் கால்' 2011இல் வந்தது. ஒரு முதலீட்டு வங்கியில் ஒரே இரவில், தங்களிடமுள்ள பத்திரங்கள் மதிப்பிழந்துகொண்டிருப்பதைக் கண்டுபிடித்து, விடிந்ததும் வாடிக்கையாளர் தலையில் அவற்றைக் கட்டிவிட முடிவெடுப்பதே கதை. வங்கிக்குப் பெயர் கிடையாது. அது லேமன் பிரதர்ஸ்தான், கோல்ட்மேன் சாக்ஸ்தான் என்று அடித்துச் சொல்பவர்கள் ஊகத்தைத்தான் சொல்கிறார்கள். டீலிங் அறையின் நுணுக்கங்களை மதிப்பிடும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் அந்த நள்ளிரவுக் கூட்டத்தின் நடைமுறையை நான் அறிவேன். கணக்கைப் போட்ட இளைஞனுக்குத்தான் விஷயம் முழுவதும் தெரியும். படியேறப் படியேற ஒவ்வோர் அதிகாரியும் 'எனக்குப் புரியும்படி சொல்' என்கிறார். எல்லோருக்கும் மேலிருப்பவரோ, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லும்படி கேட்கிறார். பெரிய கடன் முன்மொழிவு மண்டல அலுவலகத்துக்கும் அங்கிருந்து தலைமையகத்துக்கும் போகும்போது, கிளை அதிகாரி எழுதிய பத்துப் பக்கம் ஒரு பக்கமாகி, கடைசியில் நாலு வரியாகி, அந்த நாலு வரியின் மேல் ஒப்புதல் விழுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் படம் அமெரிக்கப் படமாகத் தோன்றாது.

புகழ்பெற்ற 'வால் ஸ்ட்ரீட்', 'தி வுல்ஃப் ஆஃப் வால் ஸ்ட்ரீட்' இரண்டையும் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. முதலாவது 1987இல், அமெரிக்கச் சந்தை ஒரே நாளில் 22 சதவீதத்துக்கு மேல் சரிந்த அக்டோபர் 19க்குச் சில வாரங்கள் கழித்து வெளியானது; பேராசையைப் பழிக்க எடுத்த படத்தின் வில்லனைப் பார்த்துத் தரகுத் தொழிலுக்கு வந்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள் பலர். எத்தனை பேர் உண்மையிலேயே அப்படி வந்தார்கள் என்பதை யாராலும் அளக்க முடியாது. ஆனால் அந்த வேடத்தில் நடித்த மைக்கேல் டக்ளஸையே 2012இல் அமெரிக்கப் புலனாய்வுத் துறை, வெளியே வராத தகவலை வைத்துப் பங்குகளை வாங்கி விற்கும் உள்தகவல் வர்த்தகத்துக்கு எதிரான விளம்பரத்தில் பேச வைத்தது. இரண்டாவது, மதிப்பில்லாத பங்கை ஏற்றிவிட்டுத் தலையில் கட்டும் வித்தையைக் காட்டுகிறது. இன்று டெலிகிராம் குழுக்களில் 'நாளை இந்தப் பங்கு பறக்கும்' என்று வருவது அதே வித்தை. ஏமாந்தவர்கள் அந்தப் படத்தில் பெரும்பாலும் தொலைபேசியின் மறுமுனைக் குரலாகவே இருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய குறை. இதைவிடச் சுவையான செய்தி படத்துக்கு வெளியே இருக்கிறது: அதைத் தயாரித்த நிறுவனம், மலேசியாவின் 1எம்.டி.பி. அரசு நிதியிலிருந்து கையாடப்பட்ட பணம் தொடர்பான வழக்கில் 2018இல் அமெரிக்க அரசுக்கு 6 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

கேட்டவர் புதுச்சேரிக்காரர் என்பதால் ஒரு பிரெஞ்சுப் படத்தையும் சொல்லியாக வேண்டும். மார்செல் லெர்பியே 1928இல் எடுத்த மௌனப் படம் 'லார்ஜான்'. எமில் ஜோலா 1891இல் எழுதிய நாவலைத் தம் காலத்துக்கு மாற்றி, பாரிஸ் பங்குச் சந்தைக் கட்டடத்துக்குள்ளேயே படம்பிடித்திருக்கிறார். ஒரு வங்கியாளர், விமானியின் சாகசப் பயணத்தைக் காட்டித் தம் வங்கியின் பங்குகளை ஏற்றுகிறார். விமானம் விழுந்துவிட்டது என்ற பொய்ச் செய்தியால் விலை சரியும்போது வாங்கிக் குவிக்கிறார். நூறாண்டு ஆகப்போகிறது, உத்தி பழையதாகவில்லை. நாவலுக்கு அடிப்படை 1882இல் பாரிசில் திவாலான யூனியன் ஜெனரல் என்ற வங்கி. அதே காலத்தில், 1875இல் தொடங்கப்பட்ட பாங்க் தெ லாந்தோஷின் (இந்தோசீன வங்கி) புதுச்சேரியில் கிளை வைத்து, பிரெஞ்சிந்தியாவுக்கென ரூபாய் நோட்டு அச்சிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. பெரும்பணத்தின் உலகம் ஏதோ தூரதேசத்தில் இருந்தது என்று நாம் நினைத்துக்கொள்வதற்கு அவ்வளவு ஆதாரமில்லை.

வங்கி ஏன் விழுகிறது என்பதை மிகச் சரியாகச் சொன்ன படம், விந்தையாக, நிதியைப் பற்றிய படமே அல்ல. ஃபிராங்க் காப்ராவின் 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்', 1946. சிற்றூரின் வீட்டுக்கடன் சங்கத்தில் பணத்தைத் திருப்பிக் கேட்டு மக்கள் முண்டியடிக்கிறார்கள். நாயகன் அவர்களிடம், உங்கள் பணம் இங்கே பெட்டியில் இல்லை, அது உங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் வீடாக நிற்கிறது என்கிறான். இதற்குமேல் பாடம் எதுவும் தேவையில்லை. திருப்பாதிரிப்புலியூரில் ஒருவர் போட்ட வைப்புத்தொகை நெல்லிக்குப்பத்தில் கரும்பாகவும் பண்ருட்டியில் முந்திரியாகவும் இருக்கிறது. எல்லோரும் ஒரே நாளில் கேட்டால் திருடாத வங்கியும் விழும். படங்கள் எல்லா வீழ்ச்சிக்கும் ஒரு வில்லனைத் தேடுகின்றன. கேட்டவுடன் கொடுக்க வேண்டிய பணத்தை வாங்கி, வருடக்கணக்கில் திரும்பாத கடனாகக் கொடுப்பதிலேயே ஆபத்து இருக்கிறது என்பதை அவை சொல்வதில்லை. வில்லன் இருந்த கதையும் நமக்கு உண்டு. 1906 அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் நிறுவனம் கதவை மூடியபோது சேமிப்பை இழந்தவர்கள் ஏராளம். அதன் தலைவர் சிறைக்குப் போனார். அந்த அனுபவமே 1907இல் இந்தியன் வங்கி தோன்றக் காரணமாயிற்று. பின்னர் 1960இல் கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி முடங்கியதை அடுத்து, 1962 முதல் வைப்புத்தொகைக்குக் காப்பீடு வந்தது. 2020 பிப்ரவரியிலிருந்து ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை அது உண்டு. சீட்டு நிறுவனத்துக்கும் நிதி நிறுவனத்துக்கும் அந்தக் காப்பீடு கிடையாது.

தமிழ்ப் படங்களில் வங்கி என்றால் பெரும்பாலும் கொள்ளையடிக்கப்படும் இடம், அல்லது நாயகனுக்குக் கடன் மறுக்கும் இடம். விதிவிலக்கு என்றால் இயக்குநர் எச்.வினோத்தைச் சொல்வேன். 2014இல் வந்த 'சதுரங்க வேட்டை' கோட்டு சூட்டு உலகத்தைத் தொடவே இல்லை. சங்கிலித் தொடர் வியாபாரமும், மண்ணுளிப் பாம்பும், இரிடியமும்தான். ஆனால் ஏமாறுகிறவர் மனத்தில் ஆசையை எப்படி விதைக்கிறார்கள் என்பதில் எந்த அமெரிக்கப் படத்துக்கும் அது குறைந்ததில்லை. 2023இல் வந்த அவருடைய 'துணிவு', வங்கிக்காரரை நம்பி மியூச்சுவல் ஃபண்டில் பணம் போட்டவர்களின் கதையைச் சொல்கிறது. பொருந்தாத திட்டத்தைப் பெரியவர்கள் தலையில் கட்டுவது நடப்பதுதான். மாத இலக்கு என்ற நெருக்கடியை உள்ளிருந்து பார்த்தவன் என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன். ஆனால் வங்கித் தலைவரே எல்லாப் பணத்தையும் சுருட்டிவிடுவது அவ்வளவு எளிதன்று: ஃபண்டின் யூனிட்டுகள் வங்கியிடம் இருப்பதில்லை, ஃபண்டு நிறுவனத்தின் சார்பில் தனிப் பதிவாளர் கணக்கு வைத்திருக்கிறார், அவரிடமிருந்தே உங்களுக்கு நேராக அறிக்கை வரும். மின்னஞ்சல் முகவரி என்ற இடத்தில் கிளை ஊழியர் தம்முடைய முகவரியை எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது போதும். தொண்ணூறுகளில் கூடுதல் வட்டி ஆசை காட்டிய நிதி நிறுவனங்கள் நம் ஊர்களில் கடையைக் கட்டிக்கொண்டு போன பிறகு, முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தமிழ்நாட்டில் 1997இலும் புதுச்சேரியில் 2004இலும் வந்தது. அந்த நிறுவனங்களின் மூடிய ஷட்டர் முன்னால் பாஸ்புக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற ஓய்வூதியர்களைப் பற்றிய நல்ல படத்துக்கு இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது என்பது என் எண்ணம்.

தேர்வுக்குப் பயன்படுமா என்ற கேள்விக்கு, எழுத்துத் தேர்வில் ஒரு மதிப்பெண்கூடக் கிடைக்காது என்பதே பதில். நேர்முகத் தேர்வில் பி.ஆர். ஊழலையோ பேரிங்ஸ் வீழ்ச்சியையோ சொந்த வார்த்தைகளில் விளக்கத் தெரிந்தவரை மனப்பாடக்காரரிடமிருந்து பிரித்தறிவது சுலபம். பார்ப்பதென்றால் காப்ராவின் அந்த ஒரு காட்சியில் தொடங்கி, 'ஸ்கேம் 1992', 'ரோக் டிரேடர்', 'தி பிக் ஷார்ட்' என்று போய், 'மார்ஜின் கால்' படத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றை அறிந்த பின்னரே அதன் அமைதி விளங்கும். பார்க்கும்போது பக்கத்தில் ஒரு தாளை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பேரத்திலும் பணம் யாரிடம் போயிற்று, சொத்து யார் கையில் இருந்தது, அதைச் சரிபார்க்க வேண்டியவர் யார் என்று மூன்று பத்திகளில் எழுதிப் பாருங்கள். 'ஸ்கேம் 1992' முடிந்ததும் ஜானகிராமன் குழுவின் அறிக்கையைத் தேடிப் புரட்டினால், நீங்கள் எழுதிய மூன்றாவது பத்தியில் எந்தெந்த இடங்கள் காலியாக இருந்தன என்பது அதில் வங்கி வாரியாக இருக்கும்.